ஆயில் சூடாகும் வரை

பொத்தானை அமுக்கியதும் எஞ்சின் ஒருமுறை சத்தமாக உறுமிவிட்டு அடங்குகிறது. அடங்கட்டும். தானாக அடங்க வேண்டும், நான் ஆக்சிலேட்டரில் கால் வைக்கக் கூடாது. ராத்திரி முழுக்க ஆயில் கீழே சட்டியில் இறங்கிக் கிடந்திருக்கிறது, அது மேலே ஏறி, டர்போவுக்குள் புகுந்து, இரும்புக்கும் இரும்புக்கும் நடுவில் ஒரு படலமாக உட்கார வேண்டும், அதுவரைக்கும் உள்ளே இரும்பு இரும்பைத் தொட்டுக்கொண்டிருக்கிறது. மார்கழிக் காலை. கண்ணாடியில் பனி. டயலில் இரண்டு முள், தண்ணீருக்கு ஒன்று, ஆயிலுக்கு ஒன்று. தண்ணீர் முள் சீக்கிரம் ஏறிவிடும், அதைப் பார்த்துவிட்டு மிதிக்கிறவர்கள்தான் எஞ்சினைக் கெடுக்கிறவர்கள். ஆயில் நிதானமாகத்தான் ஏறும். எண்பதுக்குக் கீழே மிதிக்கவே கூடாது, தொண்ணூறு என்றால் நல்லது, இன்றைக்குத் தொண்ணூறுக்குக் காத்திருப்பேன். இன்றைக்குத்தான் முதல்முறையாக முழுசாக மிதிக்கப் போகிறேன். நீலாம்பூர் பக்கம் பைபாஸில் ஏறியதும், லாரி இல்லாத இடமாகப் பார்த்து, கால் அடிதட்டும் வரைக்கும். புது எஞ்சினைப் பழக்கும் காலம் முடிந்துவிட்டது, முதல் ஆயிலும் மாற்றியாகிவிட்டது, புத்தகத்தில் போட்டிருந்ததை ஒன்று விடாமல் செய்தாகிவிட்டது, இனிமேல் யாரும் ஒன்றும் சொல்வதற்கில்லை. வாணி பக்கத்துச் சீட்டில் உட்கார்ந்து பெல்ட்டை இழுத்து மாட்டுகிறாள். மடியில் கைப்பை. வர வேண்டாம் என்று நேற்றே சொன்னேன். ஒரு சுற்றுப் போய்விட்டுத் திரும்பி வருகிறேன், நீ எதற்கு என்று. போறதுன்னா ரெண்டு பேரும் போவோமுங்க என்று சொல்லிவிட்டு இட்லித் துணியைப் பிழிந்தாள். அவள் அதை எப்படிச் சொன்னாள் என்று நான் யோசிக்கவில்லை. இப்போதும் யோசிக்கவில்லை. ஆயில் முள்ளைப் பார்த்து முப்பத்தி ரெண்டு என்கிறேன் சத்தமாக. முப்பத்தி ரெண்டுங்க என்கிறாள். கம்பெனிப் பழக்கம். நாங்கள் செய்கிற பம்பு மோட்டாரை டெஸ்டிங்கில் ஓட்டும்போது ஒருத்தன் மீட்டரைப் பார்த்துச் சூட்டைச் சொல்வான், இன்னொருத்தன் அதைத் திருப்பிச் சொல்லிவிட்டுத்தான் எழுதுவான், திருப்பிச் சொல்லாவிட்டால் எழுதக் கூடாது, எங்கப்பா போட்ட சட்டம். வண்டி வந்த நாளிலிருந்து வாணிதான் திருப்பிச் சொல்கிறாள். அவளை யாரும் கேட்டுக்கொள்ளவில்லை.

நின்ற இடத்திலேயே ரொம்ப நேரம் ஓடவிடுவதும் தப்புதான். எரியாத பெட்ரோல் சிலிண்டரைக் கழுவிக்கொண்டு ஆயிலில் இறங்கும். சத்தம் அடங்கியதும் மெதுவாக நகர்த்திவிட வேண்டும், நடையிலேயே சூடாக வேண்டும். கேட்டைத் தாண்டித் தெருவில் இறங்குகிறேன், ஆயிரத்து ஐநூறு ஆர்பிஎம், அதற்கு மேல் போகவில்லை, ஸ்கூட்டியில் போகிற பெண் என்னைத் தாண்டிப் போகிறாள், போகட்டும். என் மச்சினன் மோகனசுந்தரம் பார்த்தால் சிரிப்பான். இவ்ளோ பெரிய எஞ்சினை வெச்சுட்டு மாட்டு வண்டி ஓட்டறீங்களே மச்சான் என்பான். அவன் செய்த வேலையை நான் இன்னும் மறக்கவில்லை. டெலிவரி எடுத்து நேராகப் பிள்ளையார் கோயிலுக்குப் போனோம், சக்கரத்துக்கு எலுமிச்சை வைத்து, மாலை போட்டு, ஐயர் கற்பூரம் காட்டிக்கொண்டிருக்கிறார், நான் கண்ணை மூடிக் கும்பிடுகிறேன், அந்த நேரத்தில் இவன் உள்ளே ஏறி உட்கார்ந்து, போனில் வீடியோ எடுக்க ஆளை நிறுத்தி, பச்சை எஞ்சினை, ஆயில் இன்னும் குளிராக இருக்கும்போது, முறுக்கோ முறுக்கென்று முறுக்குகிறான். கோயில் புறா எல்லாம் பறந்தது. எலுமிச்சை நசுங்குவதற்கு முன்னால் பிஸ்டன் ரிங் நசுங்கியிருக்கும். நான் கத்தியதில் ஐயர் கற்பூரத் தட்டோடு பின்னால் போனார். எல்லோரும் செய்யறதுதானே மச்சான், சாமிக்குச் சத்தம் கேக்க வேண்டாமா என்றான். அன்றிலிருந்து அந்த நாலு முறுக்கு என் காதில் இருக்கிறது. உள்ளே ஏதாவது கீறியிருக்குமோ, எங்கேயாவது ஒரு மயிரிழைக் கோடு விழுந்திருக்குமோ. வெளியே தெரியாது, சத்தத்தில் தெரியாது, நன்றாக ஓடும், ஒருநாள் முழு வேகத்தில் போகும்போது சட்டென்று பிடித்துக்கொள்ளும். இதை வாணியிடம் ராத்திரிச் சாப்பாட்டில் சொல்லிக்கொண்டிருந்தேன். அந்த வாரம்தான். தோசையைப் பிய்த்துச் சட்னியில் தொட்டேன், ரிங்கைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தேன், பிறகு மேசைமேல் சாம்பார் கொட்டிக் கிடந்தது, வாணி என் தோளைப் பிடித்துக்கொண்டு நின்றாள். நடுவில் ஒன்றுமில்லை. நடுவில் ஒன்று இருந்ததாகவே எனக்குத் தெரியவில்லை. கூப்பிட்டேனுங்க, திரும்பத் திரும்பக் கூப்பிட்டேன், கண்ணு தொறந்துதான் இருந்துது, வாயை மட்டும் மென்னுட்டே இருந்தீங்க என்றாள். சாப்பிடும்போது மெல்லாமல் என்ன செய்வது என்றேன். வாயில ஒண்ணுமே இல்லீங்க என்றாள். யோசனையில் இருந்திருப்பேன். கம்பெனி நடத்துகிறவனுக்கு யோசனை இருக்காதா.

நாப்பத்தஞ்சு. நாப்பத்தஞ்சுங்க. திருச்சி ரோட்டுக்கு வந்துவிட்டோம், டீக்கடையில் ஆட்கள், மஃப்ளர் கட்டிய தலைகள் திரும்பி வண்டியைப் பார்க்கின்றன. தண்ணீர் முள் அதற்குள் நடுவுக்கு வந்து நின்றுவிட்டது, அவசரக்காரன். ஏனுங்க, அந்த முக்குல பழக்கடை இருந்துச்சே, எடுத்துட்டாங்களா, என்கிறாள் வாணி. எடுத்துவிட்டார்கள் என்கிறேன். பழக்கும் காலத்தில் இவளோடு எத்தனை ரோடு. பல்லடம், காங்கயம், தாராபுரம், பொள்ளாச்சி, ஒரே வேகத்தில் போகக் கூடாது என்பதால் ஏற்றி இறக்கி ஏற்றி இறக்கி, அதிகமாகவும் முறுக்காமல், திணறவும் விடாமல், ஒரு வேலையும் இல்லாமல் போய்த் திரும்பினோம். வழி முழுக்க ஏதாவது கேட்டுக்கொண்டே வருவாள். அது என்ன மரமுங்க. அந்த மில்லு யாரோடது. நேத்து யாரு போன் பண்ணுனது. வாயாடி கிடையாது, முப்பது வருசமாக நான் பேசினால்தான் பேசுவாள், வண்டியில் ஏறினால் மட்டும் இப்படி. காங்கயம் ரோட்டில் ஒருநாள்தான் எனக்கு உறைத்தது, அவளுக்குப் பதில் வேண்டியதில்லை, நான் பதில் சொல்கிறேனா என்பதுதான் வேண்டும். நான் ஆயில் முள்ளைப் பார்ப்பது போல அவள் என்னைப் பார்த்துக்கொண்டிருக்கிறாள். அன்றைக்கு வேண்டுமென்றே பேசாமல் இருந்தேன். உடனே அவள் கை ஸ்டீயரிங்குக்கு வந்துவிட்டது. சும்மா இரு, கேட்டுச்சு என்றேன். கையை எடுத்தாள், ஆனால் மடியில் வைக்கவில்லை, நடுவிலேயே வைத்திருந்தாள், தாராபுரம் வரைக்கும். அவள் பக்கத்தில் வருவது எங்களுக்குள் பேசிக்கொண்ட ஏற்பாடு. சாம்பார் கொட்டியதற்குப் பிறகு வாணி கூட்டிப்போன டாக்டர் வண்டியே ஓட்டக் கூடாது என்றார். நான் மெதுவாகத்தானே ஓட்டப் போகிறேன், பழக்கும் வரைக்கும் வேகமே கிடையாது என்றேன். அப்படின்னா நானும் பக்கத்துல உக்காந்துக்கறேன் என்றாள். மெதுவாக என்பது முடிந்தால் என்ன என்று அவளும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. இத்தனை கிலோமீட்டரும் ஒன்றும் நடக்கவில்லை. ஒருமுறைகூட. அதுதான் கணக்கு. சோதித்துப் பார்த்து, குறை இல்லை என்று ஆன பிறகுதானே ஒரு மோட்டாரை வெளியே அனுப்புகிறோம்.

ஐம்பத்தொன்று. சர்வீசில் முதல் ஆயிலை இப்போதே மாற்ற வேண்டாம் என்றார்கள். டை கட்டிய பையன், சார் கம்ப்யூட்டர்ல இன்னும் டியூ காட்டல சார், கம்பெனியிலயே ஓட்டிப் பாத்துதான் அனுப்பறாங்க சார் என்றான். நான் பக்கத்தில் நின்று மாற்ற வைத்தேன். இறங்கின ஆயிலை ஒரு கண்ணாடிப் பாட்டிலில் பிடித்து வெயிலில் தூக்கிப் பார்த்தேன், ஆயில் முழுக்கப் பொடிப்பொடியாக மினுங்கியது, பட்டுச் சேலையைத் தட்டியது போலத் தங்கத்தூள். முதல் ஆயிலில் எல்லா வண்டிக்கும் வருமுங்க, ஆயில் வடிக்கிற ஓட்டையின் அடைப்பு போல்ட்டில் இருக்கிற காந்தத்தில் பெரிய துண்டு எதுவும் ஒட்டவில்லை பாருங்க என்று மெக்கானிக் காட்டினார். பார்த்தேன். மெல்லிய பசைதான், துண்டு இல்லை. அன்றைக்கு இருந்த சந்தோசம். மோகனசுந்தரம் முறுக்கியதில் ஒன்றும் ஆகவில்லை. உள்ளே என்ன நடந்தாலும் ஆயிலைக் கேட்டால் சொல்லிவிடும், அதுதான் எனக்குப் பிடித்தது. தலைக்குள் அப்படிக் கேட்க முடியாது. அவிநாசி ரோட்டு ஆஸ்பத்திரியில் தலைமுடியெல்லாம் பசை தடவி ஒயர் ஒட்டினார்கள், கண்ணை மூடச் சொன்னார்கள், விளக்கை மின்ன வைத்தார்கள், காகிதத்தில் கோடு கோடாக வந்தது. டாக்டரம்மா என்னைவிடச் சின்னவர், நிதானமானவர், கோட்டைப் பார்த்துவிட்டு என்னைப் பார்க்காமல் வாணியைப் பார்த்துக் கேள்வி கேட்டார். என்னைக் கேளுங்கம்மா, எனக்குத்தானே நடந்துச்சு என்றேன். உங்களுக்குத் தெரியாது சார், பக்கத்துல இருக்கறவங்கதான் சொல்லணும் என்றார். கோடு நல்லாத்தானே இருக்கு என்றேன். எடுத்த நேரத்துல நல்லா இருந்துச்சு என்றார். அவ்வளவுதான், ஒரு வாக்கியம். மோட்டாரை டெஸ்டிங்கில் ஓட்டிப் பார்த்துவிட்டு, ஓட்டின நேரத்தில் நன்றாக இருந்தது என்று எழுதிக் கொடுத்தால் எவன் வாங்குவான். மாத்திரை கொடுத்தார். ஒரு வாரம் போட்டேன், தலையில் ஈரத் துணியைச் சுற்றியது போல இருந்தது, டெஸ்டிங்கில் நின்றால் மோட்டார் சத்தத்தில் வித்தியாசம் தெரியவில்லை. நிறுத்திவிட்டேன். வாணிக்குத் தெரியாது. தினமும் ஒன்றைப் பிரித்து வாஷ்பேசினில் போட்டுத் தண்ணீரைத் திறந்துவிடுகிறேன். அதற்குப் பிறகும் ஒன்றும் நடக்கவில்லையே. டெஸ்டிங்கில் நடந்ததாகக் கதிரேசன் சொன்னது வேறு. சூப்பர்வைசர் அவன், அவன் சூட்டைச் சொன்னானாம், நான் திருப்பிச் சொல்லவில்லையாம், மறுபடி சொன்னானாம், நான் மீட்டரையே பார்த்துக்கொண்டு நின்றேனாம். அதை என்னிடம் சொல்லாமல் என் பெண்டாட்டிக்குப் போன் போட்டுச் சொல்கிறான். மோட்டார் சத்தத்தில் கேட்கவில்லை என்று நினைக்கத் தோன்றாதா ஒருத்தனுக்கு.

ஐம்பத்தெட்டு. வாணி திருப்பிச் சொல்கிறாள், குரல் கொஞ்சம் வறண்டிருக்கிறது, தண்ணீர் குடித்தாளா என்று தெரியவில்லை. ஒண்டிப்புதூர் தாண்டி இருகூர் ரோட்டில் திரும்புகிறேன். ரோட்டைப் பார்க்கிறாளா என்று ஓரக்கண்ணால் பார்க்கிறேன், இல்லை, என் முகத்தைத்தான். ரோட்டுப் பக்கம் திரும்பி உட்கார்ந்து வரலாமல்லவா, இன்று ஒருநாளாவது, எத்தனை பேருக்குக் கிடைக்கும் இப்படி ஒரு வண்டியில் முதல் ஆளாக உட்கார. பைபாஸில் ஏறியதும் முதலில் கியரைக் கையால் மூன்றில் நிறுத்திப் பாதி மிதிக்க வேண்டும், பிறகு காலை எடுத்து அதுவாகக் குறையவிட வேண்டும், அதற்குப் பிறகுதான் முழுசாக. முழுசாக மிதித்தால் சீட் முதுகில் குத்தும் என்கிறார்கள், பேச்சு வராது என்கிறார்கள். பேச்சு வராவிட்டால் இவள் என்ன கேள்வி கேட்பாள். கேட்டால் நான் என்ன பதில் சொல்வேன். அந்த வேகத்தில் ஒரு தோசையைப் பிய்க்கிற நேரத்தில் எவ்வளவு தூரம் போயிருப்போம் என்று கணக்குப் போடத் தோன்றுகிறது, போட வேண்டாம், ரோட்டைப் பார். ரயில்வே கேட் மூடியிருக்கிறது. நல்லதுதான். அவசரமில்லை. முன்னால் பால் கேனோடு ஒரு மொபெட், அவனுக்கும் எனக்கும் நடுவில் ஒரு ஆள் நடக்கலாம், பிரேக்கில் கால், ஆட்டோமேட்டிக் கியர் டி-யில், காலை எடுத்தால் தானாக நகரும். நின்ற இடத்தில் ஆயில் நகரவே நகராது, ஒரு டிகிரி ஏறுவதற்குள் பொறுமை போய்விடும், எனக்கு அது பழக்கம்தான். அறுபத்தி நாலு என்கிறேன். அறுபத்தி நாலுங்க. பின்னால் ஒரு மினி வேன் வந்து நிற்கிறது. கேட்காரர் கொடியோடு நிற்கிறார். என்ன ரயில் இது இந்த நேரத்தில், கூட்ஸாக இருந்தால் பெட்டியை எண்ணலாம், எண்ணாமல் நான் விட்டதேயில்லை, பாதியில் எவனாவது பேச்சுக் கொடுத்தால் கெட்ட கோபம் வரும். தண்டவாளம் லேசாக முனகுகிறது. தூரத்தில் பனிக்குள் வெளிச்சம் ஒன்று கரைந்த மாதிரி வருகிறது. வாயில் என்னவோ ஒரு ருசி, செம்புக் காசை நாக்கில் வைத்தது போல, காப்பிதான், வாணி இன்றைக்குக் காப்பியில் சர்க்கரையை

ஹாரன். பின்னாலிருந்து விடாமல் ஹாரன் அடிக்கிறான். எதற்கு அடிக்கிறான், கேட் மூடித்தானே இருக்கிறது. கேட் திறந்திருக்கிறது. கட்டை வானத்தைப் பார்த்து நிற்கிறது, எதிர்ப்பக்கத்து வண்டிகள் தண்டவாளத்தைத் தாண்டி என் பக்கம் வந்துகொண்டிருக்கின்றன. பால்காரன் என் பானெட்மேல் ஒரு கையை ஊன்றிக்கொண்டு நிற்கிறான், கண்ணாடி வழியாக உள்ளே பார்க்கிறான், அவன் மொபெட்டின் பின்சக்கரம் என் பம்பரை ஒட்டி இருக்கிறது. நடுவில் ஒரு ஆள் நடக்கிற இடம் இருந்தது. எதற்காகப் பின்னால் வந்தான். கியர் பி-யில், பார்க்கிங்கில் இருக்கிறது. நான் போடவில்லை. கியர்மேல் வாணியின் கை, விரல் எலும்பெல்லாம் வெள்ளையாக, இன்னொரு கை என் மணிக்கட்டைப் பிடித்திருக்கிறது. அவள் அழவில்லை. எதுவும் கேட்கவும் இல்லை. ஆயில் அறுபத்தி ஒன்பது. அறுபத்தி நாலு என்று சொன்னேன், இப்போதுதான் சொன்னேன், அவளும் திருப்பிச் சொன்னாள்.

"ரயிலே வரலையே, அதுக்குள்ள தூக்கிட்டானே" என்கிறேன். நாக்கு கொஞ்சம் தடிப்பாக இருக்கிறது.

"போயிருச்சுங்க."

"எப்போ?"

"இப்பத்தானுங்க. கூட்ஸு. டேங்கரு வண்டி, நீளமாப் போச்சு."

டேங்கர் கூட்ஸ் போனால் கண்ணாடி அதிரும், பக்கத்து டீக்கடையில் டம்ளர் ஆடும், செத்தவனுக்கும் கேட்கும். நான் முள்ளைப் பார்க்கிறேன். வேறு ஏதாவது இருக்க வேண்டும். ரயில் தள்ளி நின்றிருக்கலாம், கேட்காரர் தப்பாகத் திறந்திருக்கலாம், அறுபத்தி நாலு என்று நான் படித்ததே தப்பாக இருக்கலாம். தப்பாகப் படிக்கிறவனா நான். நின்ற இடத்தில் அஞ்சு டிகிரி ஏறுவதற்கு எவ்வளவு நேரம் பிடிக்கும் என்று இந்த ஊரில் என்னைவிட நன்றாகத் தெரிந்தவன் இல்லை, அந்த நேரம் முழுக்க எஞ்சின் ஓடியிருக்கிறது, ஆயில் சுற்றியிருக்கிறது, ரயில் போயிருக்கிறது, பால்காரன் இறங்கி வந்திருக்கிறான், நான் மட்டும் இல்லை. வாணி பயத்தில் கூட்டிச் சொல்லலாம். கதிரேசன் நல்ல பேர் வாங்கச் சொல்லலாம். டாக்டரம்மா எல்லோருக்கும் சொல்வதையே எனக்கும் சொல்லியிருக்கலாம். ஆயில் இவர்களோடு பேசி வைத்துக்கொண்டு ஏறவில்லை. பைபாஸில் என்றால் இந்த நேரத்துக்குள், வேண்டாம், கணக்குப் போட வேண்டாம், கணக்கு வந்துவிட்டது. இவள் பக்கத்தில் உட்கார்ந்திருந்திருப்பாள். பெல்ட் போட்டுக்கொண்டு, மடியில் பையை வைத்துக்கொண்டு. போறதுன்னா ரெண்டு பேரும் என்று அவள் சொன்னதை நேற்றே கேட்டேன், இப்போதுதான் காதில் விழுகிறது.

கதவைத் திறந்து இறங்குகிறேன். மினி வேன்காரன் தலையை வெளியே நீட்டி, வண்டியோட சேத்தி ரோட்டையும் வாங்கிட்டீங்களாண்ணா என்கிறான். கையைக் காட்டுகிறேன், ஒரு நிமிசம் என்று. பால்காரன் மொபெட்டைத் தள்ளிக்கொண்டு போகிறான், இரண்டு தடவை திரும்பிப் பார்த்துவிட்டுத்தான் ஸ்டார்ட் செய்கிறான். வாணியும் இறங்கிவிட்டாள். பானெட்டுக்கு முன்னால் ஒருவரையொருவர் தாண்டிப் போகிறோம், லைட் வெளிச்சத்தில் அவள் சேலையின் கரை, அவள் என்னைப் பார்க்கவில்லை, பார்த்தால் நான் திரும்பிவிடுவேன் என்று தெரிந்திருக்கும். இடதுபக்கத்துச் சீட் சூடாக இருக்கிறது. அவள் கைப்பை காலடியில் விழுந்து கிடக்கிறது, ஒரு பிளாஸ்டிக் பையில் தண்ணீர் பாட்டிலும் துண்டும் அதிலிருந்து எட்டிப் பார்க்கின்றன. பழைய வண்டியை ஓட்டியவள்தான், ஆனால் என் சீட்டில் அவளால் பெடலை எட்ட முடியாது, அதை எப்படி நகர்த்துவது என்று சொல்லிக்கொடுக்க வாயைத் திறக்கிறேன். அதற்குள் அவள் கதவில் இருக்கிற இரண்டாம் நம்பர் பொத்தானை அமுக்குகிறாள். சீட் தானாக முன்னால் போகிறது, உயர்கிறது, இரண்டு பக்கத்துக் கண்ணாடியும் அவள் உயரத்துக்குச் சாய்ந்து நிற்கின்றன. ஒன்றாம் நம்பரில் என் அளவு இருக்கிறது, நான் பதிந்தது. இரண்டில் நான் எதையும் பதியவில்லை.

"இதெப்போ போட்டே?"

"டாக்டரைப் பாத்துட்டு வந்தமல்லங்க, அன்னிக்குச் சாயங்காலம்."

பி-யிலிருந்து டி-க்குத் தள்ளுகிறாள். வண்டி குலுங்காமல் கிளம்புகிறது. தண்டவாளத்தில் ஒவ்வொரு சக்கரமாக ஏறி இறங்குகிறது, நான் கூட இவ்வளவு மெதுவாகத் தாண்டியிருக்க மாட்டேன். இங்கிருந்து டயல் தெரியாது. ஸ்டீயரிங் வளையமும் அவள் கையும் மறைக்கின்றன. மாத்திரையை வாஷ்பேசினில் போட்டதைச் சொல்ல வேண்டும், டாக்டரம்மா கேட்பதற்கு முன்னால் இவளிடம் சொல்ல வேண்டும், இப்போதே சொல்லிவிடலாம், ஆனால் அவள் இப்போது ஓட்டிக்கொண்டிருக்கிறாள். ரோடு இரண்டாகப் பிரிகிற இடத்தில் நேராகப் போனால் பைபாஸ். இண்டிகேட்டரைப் போட்டுவிட்டுத்தான் கேட்கிறாள், நேராப் போலாமுங்களா, ஆஸ்பத்திரிப் பக்கம் திரும்பட்டுங்களா என்று.

"இந்நேரத்துக்கு அந்தம்மா வந்திருக்க மாட்டாங்க" என்கிறேன்.

"வெளிய உக்காந்திருக்கலாமுங்க."

சரி என்று சொல்கிறேனா தலையை ஆட்டுகிறேனா என்று தெரியவில்லை, எதுவாக இருந்தாலும் அவள் பார்த்துவிட்டாள், திருப்பிவிட்டாள். எதிரே ஒரு டவுன் பஸ் ரோட்டை அடைத்துக்கொண்டு லைட்டோடு வருகிறது. அவள் வேகத்தைக் குறைக்கிறாள், நிதானமாக, எப்போதும் குறைக்கிற மாதிரி. நானும் வலது காலால் அழுத்திக்கொண்டிருக்கிறேன், பாதம் வலிக்கும் அளவுக்கு. இந்தப் பக்கத்தில் பெடல் கிடையாது. மேட் மட்டும்தான்.